கூலி பேசிய மாலை: கல்லடியிலிருந்து ஒரு தூண்டில் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பின் கல்லடிக் கரையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் போய், மீன் பாய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகக் கரைக்கு வந்த ஒரு போட்டைப் பற்றியது இது. ஒருவருக்கும் காயமில்லை. என்ஜின் நிற்கவில்லை. யாரும் தேடி வரவில்லை. அப்படியானால் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விபத்து நடந்த பயணத்தை ஊரே சொல்லித் திரியும். நடக்காமற்போன விபத்துக்குச் சாட்சி கிடைப்பது அரிது. இந்தப் பயணத்துக்குப் போட்டில் இருந்த ஐந்து பேருமே சாட்சி. அவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதினேன். நான் போட்டில் போகவில்லை. வெளியிலிருந்து வருபவர்களைப் போட்காரரோடு சேர்த்துவிடுவது என் வேலை, அதனால் ஆயத்தம் முழுவதும் என் கண்முன்னே நடந்தது. ஆட்களின் பெயரும் அடையாளமும் இங்கே இல்லை.

வந்தவர்கள்

டொரொண்டோவிலிருந்து வந்த மாமா, வயது 58. அவருடைய மகள், 19. கொழும்பில் வேலை பார்க்கும் மருமகன், முப்பதை எட்டியவர். போட்டுக்காரர் தரப்பில் தண்டயல் (போட்டை ஓட்டிப் பொறுப்பாக நிற்பவர்) ஒருவர், அவருக்கு உதவிக்கு ஒரு பொடியன்.

மாமா கல்லடியில் பிறந்தவர். பாலத்தடியில் கையில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சுற்றிக்கொண்டு வாவியில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்தான். ஆனால் போட்டில் போய்த் தூண்டில் போடப் பழகியது எல்லாம் வெளிநாட்டில்: ஒன்ராறியோ ஏரியில் சல்மன், ஒருமுறை புளோரிடா. அங்கே வாடகைக்குப் போகும் போட்டில் அறை இருக்கும், கழிவறை இருக்கும், வானொலி இருக்கும், தூண்டிலும் அவர்களே தருவார்கள். வருபவர் தொப்பி, வெயில் களிம்பு, உதவியாளருக்குக் கொடுக்கக் கொஞ்சம் காசு இவ்வளவையும் கொண்டுபோனால் போதும். மாமாவின் கைப்பேசியில் இருந்த ஆயத்தப் பட்டியல் அந்த ஊருக்கானது.

கல்லடியில் கிடைப்பது 19 அடி பைபர் போட். மற்ற நாளில் அது வலை போடும். மேலே கூரை கிடையாது, 25 குதிரைவலு என்ஜின் மண்ணெண்ணெயில் ஓடும், கிளப்பும்போது மட்டும் பெற்றோல். அந்தப் பட்டியலை இங்கே தலைகீழாகப் பிடிக்கவேண்டும். அங்கே நிறுவனம் பார்த்துக்கொள்ளும் அத்தனையையும் இங்கே வருபவர் கேட்டு, பார்த்து, குறையிருந்தால் நிரப்பியாக வேண்டும். தூண்டிலைத் தண்டயலே தருவார். அவருடைய கைத்தூண்டில்தான் அந்தக் கடலுக்குப் பழகியது. மாமாவோ நீளக் குழாய்க்குள் மூன்று தடிகளையும் ஐந்து கிலோவுக்கு மேல் இரும்புத் தூண்டில்களையும் (மீனை ஏமாற்றக் கீழே இறக்கும் பாரமான போலி இரை) கொண்டுவந்திருந்தார். உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட இல்லை.

அவருக்கு ஒரே ஆசை: ஹேர்மீஸ் கப்பல் கிடக்கும் பக்கத்தில் ஒரு பெரும்பாரை மீன். பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மீஸ், 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கியது. கரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கடல்மைல் தூரத்தில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் அதோடு போனார்கள். இரும்புக் குவியல் இருந்தால் மீன் நிற்கும், அது உண்மை. அதேபோல, அங்கே கீழே இறக்கும் இரும்புத் தூண்டில் பாதி திரும்பி வராது என்பதும் உண்மை. தண்டயலின் முதற் பதில்: "கப்பலுக்கு மேல நங்கூரம் போடமாட்டன் அண்ணன். அது ஆக்கள் கிடக்கிற இடம். சுத்திப் போவம், இழுத்துக்கொண்டு போவம்." அதில் பேரம் நடக்கவில்லை.

காற்று

நாள் குறிப்பதிலேயே முதல் வேறுபாடு வந்தது. மாமா கடல்நீர் ஏறி வற்றும் நேர அட்டவணையைக் கையில் வைத்திருந்தார். கனடாவின் கீழைக் கரைக்கு அது உயிர்நாடியாக இருக்கலாம். இலங்கைக் கரையில் ஏற்றவற்று வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. தண்டயல் அந்த அட்டவணையை மரியாதைக்கு ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாமா குறித்த நாட்களில் ஒன்று ஆடி அமாவாசை. அன்று மாமாங்கக் கோயிலில் தீர்த்தம், அதற்கு அவர் கடலுக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் காற்றின் கையில் என்றார்.

மட்டக்களப்புக் கடல் பங்குனி, சித்திரையிலிருந்து புரட்டாதி வரை அமைதியான கடல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் வாடைக்காலத்தோடு ஒப்பிட்டால் சரி; கார்த்திகை, மார்கழியில் இந்தக் கரையில் விருந்தாளியை ஏற்றிக்கொண்டு போகும் தண்டயலை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அமைதியான மாதங்களுக்குள்ளேதான் கச்சான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி, மேற்கிலிருந்து நமக்கு வருகிறது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதால் கரையோரத்தில் அது அலையை எழுப்பாது, அமத்திவிடும். கல்லடி மணலில் நின்று பார்ப்பவருக்குக் கடல் தாம்பாளம்போலத் தெரியும். ஐந்து, ஆறு கிலோமீற்றர் தாண்டினால் அதே காற்றுக்கு ஓட இடம் கிடைத்துவிடும். குட்டையான, செங்குத்தான திரை எழும்பும்.

புதியவருக்கு விளங்காத இடம் இதுதான். போகும்போது காற்று முதுகில். போட் வழுக்கிக்கொண்டு போகும், எண்ணெய் குறையாது, முகத்தில் ஒரு துளி தண்ணீர் படாது. திரும்பும்போது அதே காற்று நெற்றியில். வேகம் பாதியாகும், எண்ணெய் கூடும், ஒவ்வொரு திரையும் மடியில் வந்து விழும். என்ஜின் நின்றால் போட் கரைக்கு ஒதுங்காது, வங்காள விரிகுடாவுக்குள் போகும். வாடைக்காலத்தில் என்ஜின் நின்றவன் கரையில் மோதுவான் என்றால், கச்சானில் நின்றவனுக்கு மோதக் கரையே கிடையாது.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கான எதிர்வுகூறலைத் தமிழில் நாள்தோறும் தருகிறது. அதைப் பார்க்காமல் போகக்கூடாது. ஆனால் அதில் பல நாளில் 'மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் ஊடாக அம்பாந்தோட்டை வரை' என்பது ஒரே துண்டு. அம்பாந்தோட்டைப் பக்கம் 50 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் காற்றும் கல்லடியில் காலை ஐந்து மணிக்கு அசையாத தென்னையும் அந்த ஒரே வரிக்குள் அடங்கும். அது 'போகாதே' என்றால் போகக்கூடாது. 'போ' என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. மிச்சத்தைத் தண்டயல்தான் பார்க்கவேண்டும். இவர் கடலைப் பார்க்கவில்லை. விடியமுன் எழும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி, வாவியைப் பார்க்கிறவர். "நாலு மணிக்கு வாவி நித்திரையெண்டா போகலாம். அந்த நேரமே நெளிஞ்சுகொண்டிருந்தா, வெயில் ஏறக் காத்தும் ஏறும்." இது அவருடைய கணக்கு. தரை சூடேறச் சூடேற மேலேயுள்ள காற்று கீழிறங்கி வலுக்கும் என்பதோடு அது ஒத்துப்போகிறது.

காசு

பயணத்துக்கு இரண்டு நாள் முந்திய மாலை, என் வீட்டு முற்றத்தில் எல்லோரும் இருந்து பேசினோம். வழமையாக அந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் வரும்: என்ன மீன் படும், எவ்வளவு காசு. அன்று மருமகன் மூன்றாவது ஒன்றைக் கேட்டார். வங்கிக்காரன் புத்தி என்று மாமா பகிடி பண்ணினார். "பாதியில திரும்பினா காசு என்ன மாதிரி?"

தண்டயல் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு இந்தக் கரையில் நடப்பதைச் சொன்னார். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பேசினால், முன்னதாகத் திரும்பும் தண்டயலுக்குக் கூலி குறையும். பட்ட மீனில் பங்கு என்று பேசினால் மீன் படும்வரை அவர் போட்டைக் கிறுக்கமாட்டார், அதாவது கரைக்குத் திருப்பமாட்டார். 'மீன் படாவிட்டால் அரைக்காசு' என்று சிலர் பேசுகிறார்கள், அது எல்லாவற்றிலும் மோசம். எண்ணெய்க்குக் கடன், சம்மாட்டிக்கு (போட்டின் சொந்தக்காரர்) போட்டின் பங்கு, பொடியனுக்குக் கூலி எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு கடலில் நிற்கிற மனிசன், காற்று எழும்பும்போது மேற்கே பார்ப்பாரா, தன் கணக்கைப் பார்ப்பாரா? இரண்டையும் பார்ப்பார். அந்த இழுபறியில் போகும் அரைமணி நேரம் கச்சானுக்குப் போதும்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றி எழுதுபவர்கள் ஆயிரம் பேர். கூலி பேசும் முறையும் ஒரு பாதுகாப்புச் சாதனம் என்று எழுதியவர்களை நான் காணவில்லை. வாடகைப் போட்டில், தீர்ப்புச் சொல்லவேண்டிய ஆளின் வருமானம் அந்தத் தீர்ப்பினால் குறைகிறது என்றால், அந்தப் பயணத்தின் ஆயத்தம் அங்கேயே பழுது. மிச்சம் எவ்வளவு சாமான் கட்டினாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஒரு தாளில் மருமகன் எழுதினார். எண்ணெய்க் காசு முழுவதும் முதல்நாளே. தண்டயலின் கூலியும் பொடியனின் கூலியும் போட் தண்ணீரில் இறங்கிய கணமே முழுமையாகச் சேர்ந்துவிடும். எத்தனை மணிக்குத் திரும்பினாலும், ஒரு மீனும் படாவிட்டாலும் அதில் மாற்றமில்லை. விடியற்காலையில் தண்டயல் வாவியைப் பார்த்து 'வேண்டாம்' என்றால் கூலியில் கால்வாசி அவருக்கு. எண்ணெய் மறுநாளுக்கு இருக்கும். பட்ட மீன் விருந்தாளியுடையது, அதில் ஒன்று தண்டயலின் வீட்டுக் கறிக்கு. கடைசி வரியைத் தண்டயலே சொல்லி எழுதுவித்தார்: "நான் கிறுகுவம் எண்டா ஒருத்தரும் வாய் திறக்கப்படா." மாமா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மகள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தார்.

இந்த ஏற்பாடு வருபவருக்கு நட்டமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம்தான், சில நாளில். தண்டயல் சோம்பேறியாக இருந்தால் ஏழு மணிக்கே கிறுக்கிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போகலாம். அதற்கு மருந்து ஆளைத் தெரிவதுதான்: அதே தண்டயலோடு முன்பு போனவர்கள் இரண்டு பேரிடமாவது கேட்பது. கூலியைப் பிடித்துவைத்து ஆளை நேராக்கலாம் என்று நினைத்தால் அந்த விலை கடலில் வசூலாகும்.

போட்

மறுநாள் போட்டைப் போய்ப் பார்த்தார்கள். கடற்றொழில் திணைக்களத்தில் பதிந்த இலக்கம் பக்கவாட்டில் தெளிவாக இருந்தது. மீன்பிடிக்கப் பதிவது வேறு, ஆட்களை ஏற்றுவதற்கான அனுமதி வேறு; இந்தப் போட்டுக்கு இரண்டும் இருந்ததால்தான் நான் சேர்த்துவிட்டேன்.

அங்கி ஆறு இருந்தது. எடுத்துப் பார்த்தபோது ஒன்றின் பட்டி இத்துப்போய், இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. இரண்டு, மாமாவின் மெலிந்த மகளுக்குத் தோளால் கழன்றது. எண்ணிக்கை சரியாக இருப்பதும் ஆளுக்கு அளவாக இருப்பதும் வெவ்வேறு விடயம். நகரில் இரண்டு புதிதாக வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு விசில் கட்டினார்கள். போட்டுக்குள் கால்வைத்ததும் போடுவது, கரையில் கழற்றுவது என்று முடிவு. தண்டயலும் பொடியனும் வழமையாகப் போடுவதில்லை. அந்தப் பிள்ளை தண்டயலிடம் "மாமா, நீங்களும் போடுங்கோ, இல்லாட்டி அப்பா போடமாட்டார்" என்று கேட்டபிறகு போட்டார்கள்.

எண்ணெய் 20 லீற்றர் கானில் மூன்று. போவதற்கும் மீன்பிடிக்கவும் ஒன்று, வருவதற்கு இரண்டு. பாதிக்குப் பாதி என்ற கணக்கு, போகும் வழியும் வரும் வழியும் ஒன்றுபோல இருக்கும் கடலுக்குச் சரி. கச்சானில் அது பொய்க்கணக்கு.

நங்கூரக் கயிறு ஏறக்குறைய 80 மீற்றர். கரையோரத்துக்கு அது தாராளம்; ஹேர்மீசுக்கு அப்பால் ஆழம் விறுவிறென்று கூடிவிடும், அங்கே அந்தக் கயிறு தரையைத் தொட்டாலும் பிடிக்காது. அதனால் என்ஜின் நின்றால் போட்டின் மூக்கைக் காற்றுக்கு நேரே பிடிக்க, கயிற்றில் கட்டி நீருக்குள் விடும் ஒரு இழுவைப் பை வேண்டும். கடையில் கிடைக்கவில்லை. தடித்த யூரியாப் பை இரண்டை ஒன்றாகத் தைத்து, வாயில் கம்பி வளையம் போட்டு, பொடியன் ஒரு மாலையில் செய்துவிட்டான். வாவியில் இழுத்துப் பார்த்தார்கள், பிடித்தது.

வானொலியில்தான் குறை மிஞ்சியது. அபாய அழைப்புக்கான அலைவரிசை 16 இல் பேச இந்தப் போட்டில் ஒன்றும் இல்லை. கைப்பேசி கரையிலிருந்து சில கிலோமீற்றர் வரை எடுக்கும், பிறகு விட்டுவிட்டு எடுக்கும், பிறகு எடுக்காது. அதற்குப் பதிலாக இரண்டு ஏற்பாடு. போகும் திசையும் திரும்பும் நேரமும் என்னிடம் எழுத்தில். பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால் நான் முதலில் பக்கத்து வாடியிலுள்ள (கரையில் மீனவர் தங்கும் கொட்டில்) போட்காரர்களுக்கும், அடுத்து 119க்கும் சொல்வது. அதோடு, அதே பக்கம் வலை எடுக்கப் போகும் இன்னொரு போட்டின் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்பது. இரண்டும் வானொலிக்கு ஈடாகாது.

உடம்பு

ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இது வருவதில்லை: ஆறு, ஏழு மணித்தியாலம் மறைப்பில்லாத போட்டில் சிறுநீர் கழிக்க என்ன செய்வது? பதில் இல்லாதபோது பெண்கள் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வயதானவர்களும் அப்படியே. வெயிலில், காற்றில், உடம்பில் தண்ணீரில்லாமல் இருப்பவருக்குக் குமட்டல் கூடும், தலை சுற்றும். எல்லோரும் அதைக் கடல் மயக்கம் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளை வெட்கத்தை விட்டு என் மனைவியிடம் கேட்டார். மூடியுள்ள ஒரு வாளி, பின்பக்கம் பிடிக்க ஒரு நீளச் சாரம், அந்த நேரம் எல்லோரும் முன்பக்கம் பார்ப்பது. ஏற்பாடு அவ்வளவுதான். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் ஏற்றியது, குடிக்கவும் பட்டது.

மாமாவுக்குப் பிரஷர். காலையில் எடுக்கும் குளிசைகளில் ஒன்று சிறுநீரைக் கூட்டுவது. அதை அன்று எப்போது எடுப்பது என்று டொக்டரிடம் கேட்கச் சொன்னோம். கேட்டார், நேரத்தை மாற்றிக்கொடுத்தார். தானாக நிறுத்தியிருந்தால் அது வேறு கதை.

கடல் மயக்கத்துக்கான குளிசை வாந்தி வந்தபிறகு போடுவதற்கல்ல. சின்னரிசின் என்றால் புறப்பட இரண்டு மணித்தியாலம் முன்பு, டைமென்ஹைட்ரினேட் என்றால் அரைமணி, ஒரு மணித்தியாலம் முன்பு. இரண்டும் தூக்கம் தரும். அதனால் முந்திய நாளில் ஒருமுறை போட்டு உடம்பு எப்படி எடுக்கிறது என்று பார்ப்பது நல்லது. மருமகனுக்கு அரைநாள் தூங்கிவிழ வைத்தது. அவர் டொக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்தார். இரவு புரியாணி வேண்டாம், சாராயம் வேண்டாம். விடிய ரொட்டியும் வாழைப்பழமும். இதில் மாமாவுக்கு ஒரு குழப்பம்: மேற்கத்தேயத் தூண்டில்காரரிடையே போட்டில் வாழைப்பழம் ஏற்றினால் மீன் படாது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அவரும் அதை நம்பினார். தண்டயல் ஒரு சீப்பையே மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

தூண்டில்

19 அடிப் போட்டில் ஐந்து பேர் இருக்கும்போது எட்டடித் தடியை வீச ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். முக்கொளுவிகள் (மூன்று கொக்கி ஒன்றாகச் சேர்ந்தவை) எல்லாம் கழற்றப்பட்டு ஒற்றைக் கொளுவி போடப்பட்டது, அதன் நுனியிலுள்ள எதிர்முள் குறட்டால் நசுக்கப்பட்டது. துள்ளும் பாரையின் வாயில் ஒரு கொளுவி, மற்றது கழற்றுபவரின் கையில் என்பது இந்தக் கரையிலும் புதிதல்ல. கொளுவிக் கம்பியை வெட்டக்கூடிய குறடு ஒன்று கையெட்டும் இடத்தில் கட்டப்பட்டது. மாமா கொண்டுவந்த அழகான சிறிய குறடு தங்கூசியைத்தான் வெட்டியது. எல்லோருக்கும் கண்ணாடி, வெயிலுக்கும் பறந்துவரும் இரும்புக்கும். நூல் சுற்றும் சக்கரத்தின் இறுக்கம் நூல் தாங்கும் எடையின் மூன்றிலொன்றுக்கு மேல் போகாமல் கரையிலேயே தராசு கட்டிப் பார்த்து வைக்கப்பட்டது. 300 கிராம் இரும்புத் தூண்டில்கள் என் வீட்டிலேயே கிடந்தன.

அன்று காலை

நாலு மணிக்கு வாவி நித்திரையாக இருந்தது. 4.50க்குத் தள்ளினார்கள். 5.30க்குப் பிறகு ஹேர்மீஸ் பக்கத்தைச் சுற்றி, பின்னால் தூண்டில் இழுத்துக்கொண்டு போனதில் இரண்டு பாரை, ஒரு அறக்குளா. இன்னும் கிழக்கே குருவிக் கூட்டம் தெரிந்ததால் அதைத் தொடர்ந்து போனார்கள். 7.30 அளவில் சூரை மீன் கூட்டம் மேலே வந்து பாய்ந்தது. மாமா வீசிய முதல் வீச்சிலேயே ஒன்று கௌவி அறுத்துக்கொண்டு போனது.

தண்டயல் அந்த நேரம் மீனைப் பார்க்கவில்லை. மேற்கே தண்ணீரின் நிறம் மாறி, வெள்ளைத் தலைகள் தெரியத் தொடங்கியதை முதலில் கண்டவர் பொடியன். 7.40க்குத் தண்டயல் என்ஜினைக் கிளப்பி, "கிறுகுவம்" என்றார். மாமா, "தம்பி, பத்தே பத்து நிமிசம்" என்றார். கேட்டது தவறில்லை, இருபது வருடமாக நினைத்துக்கொண்டு வந்த மீன் முன்னால் பாய்கிறது. தண்டயல் பதில் சொல்லவில்லை. மருமகன்தான் "மாமா, கையெழுத்து" என்றார். மாமா தடியை மடக்கினார். முகம் கறுத்துப்போய்த்தான் இருந்தது, கரைவரை ஒருவரோடும் பேசவில்லை என்று மகள் சொன்னார்.

போக முக்கால் மணித்தியாலம் எடுக்கும் தூரம், வர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கிறுகும்போது முதற் கான் முடிந்திருந்தது; வந்து சேர்ந்தபோது இரண்டாவதில் கால்வாசிதான் மிச்சம். பாதிக்குப் பாதி என்று கொண்டுபோயிருந்தாலும் அன்று வந்திருப்பார்கள், அதைச் சொல்லவேண்டும். இன்னும் ஒரு மணித்தியாலம் சூரைக்குப் பின்னால் கிழக்கே போய்விட்டு அந்தக் கணக்கில் திரும்பியிருந்தால் சொல்லமுடியாது. எல்லோரும் நனைந்து, பொடியன் வழி முழுவதும் தண்ணீர் இறைத்தபடி. மருமகன் இரண்டுமுறை சத்தி எடுத்தார். அளவைக் குறைத்தது காரணமாக இருக்கலாம்.

ஒப்பிட ஒன்று

அதே கிழமையில் இதே கரையின் வேறொரு வாடியிலிருந்து இன்னொரு குழுவும் போனது. அவர்கள் பேசியது மணித்தியாலக் கூலி, முன்னதாக வந்தால் கழிவு. போட்டும் என்ஜினும் ஏறக்குறைய ஒன்றுதான், அந்தத் தண்டயல் அனுபவத்தில் மூத்தவர்கூட. காற்று எழும்பியதை அவரும் கண்டார். கண்டபிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். வரும் வழியில் திரை ஏறி என்ஜின் நனைந்து நின்றது. வலைப் போட் ஒன்று கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணெய் கடனுக்கு வாங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சோடிப் பயணத்தை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் இரண்டு போட்டுக்கும் இடையில் நான் கண்ட பெரிய வித்தியாசம் தாளில் இருந்ததுதான், தண்ணீரில் இருந்தது அல்ல.

மீனும் ஐசும்

ஆயத்தத்தில் தவறியது ஐஸ். றெஜிபோம் பெட்டியில் பத்துக் கிலோ போட்டார்கள். இந்த வெயிலுக்கு மீனின் எடைக்கு ஈடாக ஐஸ் வேண்டும், அதுவும் உடைத்த ஐஸ். கட்டியாகக் கிடந்தால் மீன் ஒரு பக்கம்தான் குளிரும். மூன்று மீனுக்கு அன்று போதுமாக இருந்தது. சூரைக் கூட்டத்தில் பத்துப் பட்டிருந்தால் போதாது. சூரை, அறக்குளாவில் இது ருசிப் பிரச்சினை மட்டுமல்ல: சூட்டில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் உண்டாகும், பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்து எழும்பும். கூட்டமாக மீன் படும் சாத்தியம் இருந்தால் ஐசை முதலில் கணக்குப் பார்த்து, கொள்ளும் அளவுக்குத்தான் பிடிக்கவேண்டும்.

அறக்குளா தண்டயல் வீட்டுக்குப் போனது. கூலி பேசியபடி முழுவதும் கொடுக்கப்பட்டது. மாமா மேலே ஒரு சதமும் கொடுக்கவில்லை, கோபம் இன்னும் ஆறவில்லை போலும். மூன்றாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, கிளம்புமுன் இன்னொருமுறை போகலாமா என்று கேட்டார். அதே தண்டயலா, வேறு ஆளா என்றேன். "அதே ஆள்தான். அதே தாள்தான். ஐசை மட்டும் கூட்டு" என்றார். அந்தக் கிழமை முழுவதும் வாவி நித்திரை கொள்ளவில்லை; ஒரு விடியலில் எல்லோரும் கரைவரை போய், தண்டயல் வேண்டாம் என்று சொல்ல, கால்வாசிக் கூலியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். தடிகளை மாமா என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். வரும் சித்திரைக்கு, கச்சான் தொடங்கமுன், ஒரு கைவானொலியும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதை வைத்துப் பாவிக்க இங்கே என்ன அனுமதி வேண்டும் என்று விசாரிப்பது என் தலையில்.